உரம் கொட்டியும் செடி எந்திரிக்கலையா? ஏற்காட்டு மண்ணுல அலுமினியத்தைக் கையும் களவுமா பிடிக்கிறது எப்படி

நாகலூர் பக்கம் மூணு ஏக்கர் இருக்கு, காபி, நடுநடுவுல சில்வர் ஓக், அதுல ஏத்திவிட்ட மிளகுக்கொடி. நான் குடியிருக்கறது சேலம் அஸ்தம்பட்டில, வாரத்துக்கு ரெண்டு தடவை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கற ஆளு. முதல் ரெண்டு வருஷம் இலை மஞ்சளா நின்னா யூரியா, துளிர் வரலைன்னா டிஏபி (அம்மோனியாவும் பாஸ்பேட்டும் சேந்த உரம்), அப்பவும் வரலைன்னா இலைக்கு ஸ்ப்ரே, இப்படியே காசைக் கரைச்சேன். தோட்டமே சோம்பிப்போய் நிக்குது, ஆனா வேலையாளுங்க குடியிருக்கற லைன் வீட்டுக்குப் பின்னாடி அடுப்புச் சாம்பல் கொட்டற இடத்துல இருந்த ஏழெட்டு செடி மட்டும் கருகருன்னு நிக்குது, அதுக்கு யாரும் ஒரு பிடி உரம் வெச்சதில்லை. வேலைக்கு வர்ற பெரியவர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "மண்ணு புளிச்சுப் போச்சு தம்பி, சாம்பல் அதை முறிக்குது, அவ்ளோதான்"னு சொல்லிட்டு வெத்தலைய மடிச்சு வாயில போட்டுக்கிட்டாரு. அந்த ஒரு வரி எனக்கு முழுசா விளங்க இன்னொரு வருஷம் ஆச்சு: மண்ணு புளிச்சா அதுல இருக்கற அலுமினியம் கரைஞ்சு வேரைக் கடிக்குது.

கீழ அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்க தோட்டத்துக்கு எது பொருந்துதோ அதைப் படிச்சா போதும். ஆனா அதுக்கு முன்னாடி பிஎச் (மண்ணோட புளிப்பு அளவு, நம்பர் இறங்கினா புளிப்பு ஏறுதுன்னு அர்த்தம்) பாக்கறதைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், அதுல தப்பு பண்ணிட்டா மீதி எல்லாமே தப்பாப் போயிடும், நானே போயிருக்கேன்.

முதல்ல பிஎச், அதுவும் சரியான தண்ணில

இருபது கிராம் காஞ்ச மண்ணு, அம்பது மில்லி தண்ணி, அதாவது ஒண்ணுக்கு ரெண்டரை. அரை மணி நேரம் அப்பப்ப கலக்கிவிட்டு வெச்சு, மேல தெளிஞ்சதுல மீட்டரையோ பேப்பரையோ வைக்கணும். தண்ணின்னா டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊத்தறது. நான் என்ன பண்ணினேன், மண்ணை சேலத்துக்கு எடுத்துட்டு வந்து வீட்டு போர் தண்ணில கலக்கிப் பாத்தேன், 6.2 காட்டுச்சு, அடடா மண்ணு அருமையா இருக்குன்னு சந்தோஷமா இன்னும் ரெண்டு மூட்டை யூரியா வாங்கிட்டேன். நம்ம ஊரு போர் தண்ணி எப்படின்னு உங்களுக்குத் தெரியும், பக்கெட்ல வெள்ளையா படியும், ஹீட்டர் காயில்ல ஓடு கட்டும், அந்தத் தண்ணில இருக்கற பைகார்பனேட்டே மண்ணோட புளிப்புல பாதியை முறிச்சுடுது. அதே மண்ணு டிஸ்டில்டு தண்ணில 4.8.

மண்ணு எடுக்கும்போது மேல அரை அடி தனியா, அதுக்குக் கீழ அடுத்த அரை அடி தனியா எடுங்க, ரெண்டையும் கலந்துடாதீங்க. ஏன்னு நாலாவது அறிகுறில புரியும். உரம் வெச்சு ஒரு மாசம் ஆகாத இடத்துல எடுக்காதீங்க.

நம்பர் வந்ததும் இப்படிப் பாருங்க. 5.5க்கு மேல இருந்தா அலுமினியம் உங்க எதிரி இல்லை, வேற காரணம் தேடுங்க. 5க்கும் 5.5க்கும் நடுவுல இருந்தா சந்தேகக் கேஸு. 5க்குக் கீழ போயிட்டா அநேகமா அதுதான்.

ஏன் இந்த 5.5? சேர்வராயன் மலை உச்சிகள்ல பாக்சைட் இருக்கு, இங்கிருந்து வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியா போன காலம் உண்டு. அடில சார்னகைட் பாறை, அது மேல லட்சக்கணக்கான வருஷமா மழை பெஞ்சு பெஞ்சு கால்சியம், மெக்னீசியம், சிலிக்கா எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயி, கரையாத அலுமினியமும் இரும்பும் மட்டும் மிச்சமா நின்னதுதான் இந்த செம்மண்ணு. பூமியோட மேலோட்டுலயே எடைல எட்டு சதவீதம் அலுமினியம்தான், ஆக்சிஜன் சிலிக்கானுக்கு அடுத்து மூணாவது இடம். ஆக நம்ம செடி நிக்கறதே அலுமினியத்து மேலதான். அது கல்லாவும் களியாவும் இருக்கற வரைக்கும் வேருக்கு ஒண்ணும் பண்ணாது. எங்க பாட்டி அலுமினியச் சட்டில புளிக்குழம்பு வைக்க விடாது, புளி பட்டா பாத்திரம் கரையும்னு. அதே கதைதான் இங்கயும், மண்ணுங்கற சட்டில புளிப்பு ஏறினா அலுமினியம் கரைஞ்சு தண்ணிக்கு வருது, மூணு பாசிட்டிவ் சார்ஜோட. பிஎச் ஒரு புள்ளி இறங்கினா கணக்குப்படி கரையற அலுமினியம் ஆயிரம் மடங்கு கூடலாம். நிஜ மண்ணுல அவ்வளவு சுத்தமா வராது, மக்கு அது இதுன்னு பிடிச்சு வெச்சுக்கும், ஆனாலும் 5.5க்கும் 4.5க்கும் வித்தியாசம் ஒரு புள்ளிதானேன்னு நினைக்கறது பெரிய ஏமாளித்தனம்.

இன்னொரு விஷயம், கரைஞ்ச அலுமினியம் சும்மா இருக்காது, தண்ணியை உடைச்சு ஹைட்ராக்சைடைப் பிடிச்சுக்கிட்டு ஹைட்ரஜனை வெளிய விடும், ஒரு அலுமினியத்துக்கு மூணு ஹைட்ரஜன் வரைக்கும். அதனால புளிப்பு அலுமினியத்தைக் கரைக்குது, அலுமினியம் திரும்ப புளிப்பைக் கொடுக்குது. புளிப்பை முறிக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு பிஎச் நகரவே மாட்டேங்குதுன்னு சிலர் அலுத்துக்கறது இதனாலதான், மண்ணு துகள்ல ஒட்டிக்கிட்டு இருக்கற அலுமினியம் ஒரு ரிசர்வ் மாதிரி புளிப்பை விட்டுக்கிட்டே இருக்கும்.

அறிகுறி ஒண்ணு: உரம் போட்டும் வளரலை, இலை வெளிறி இருக்கு, ஆனா எந்த நோயும் தெரியலை

இலையைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, தோண்டுங்க. பெரிய செடியைப் பிடுங்க வேண்டாம், தண்டுலருந்து ரெண்டடி தள்ளி ஒரு முழம் ஆழத்துக்குக் களைக்கொத்தால மெதுவா மண்ணை விலக்கிட்டு, கிடைக்கற நுனி வேரை தண்ணில அலசிப் பாருங்க. நல்ல வேருன்னா நுனி வெள்ளையா, மெல்லிசா, பக்கவேர் முடி மாதிரி கிளைச்சு இருக்கும். அலுமினியம் அடிச்ச வேரு கட்டையா, தடிச்சு, நுனி பழுப்பா, பக்கவேர் எடுக்க முயற்சி பண்ணி பாதில நின்ன மாதிரி முட்டு முட்டா இருக்கும், பவளப்பூச்சி கட்டின கொப்பு மாதிரின்னு சொல்லலாம். ஒடிச்சா மொடுக்குனு ஒடியும்.

வேர் நுனில இருக்கற அந்த நாலஞ்சு மில்லிமீட்டர்தான் அலுமினியத்தோட குறி. அங்கதான் செல்லு பிரிஞ்சு நீளுது. அலுமினியம் செல் சுவர்ல கால்சியம் உக்காரற இடத்துல போயி உக்காந்துக்குது, சுவரு விறைச்சுடுது, நீள முடியலை. இது நாள் கணக்கு கூட இல்லை, மணிக்கணக்குல ஆரம்பிச்சுடும்னு ஆராய்ச்சியாளருங்க சொல்றாங்க. வேரு நீளலைன்னா புது மண்ணைத் தொடாது, புது மண்ணைத் தொடலைன்னா நீங்க போடற உரம் பக்கத்துலயே கிடந்தாலும் அதுக்கு எட்டாது. அதான் உரம் போட்டும் பட்டினி.

இதோட குழம்பக்கூடிய ஆளுங்க சிலர் உண்டு, அவங்களை ஒதுக்கிட்டுதான் தீர்ப்பு சொல்லணும். வேர்ல மணி மணியா முடிச்சு இருந்தா அது நூற்புழு, மிளகுல ரொம்ப சகஜம், சுண்ணாம்பு அதுக்கு மருந்தில்லை. வேரு கறுத்து, இழுத்தா தோலு உருவிக்கிட்டு வந்து, வாடை அடிச்சா அழுகல், அதுவும் மழைக்காலத்துல மிளகுக்கொடி நாலஞ்சு நாள்ல இலை எல்லாம் கொட்டி நின்னா வாடல் நோய், உடனே அதைப் பாருங்க, பிஎச் மீட்டரை எடுத்துக்கிட்டு நேரத்தைப் போக்காதீங்க. வேரெல்லாம் ஒரு ஆழத்துல போயி அப்படியே பக்கவாட்டுல திரும்பியிருந்தா அடில இறுகின மண்ணா கூட இருக்கலாம், கடப்பாரையைக் குத்திப் பாத்தா தெரிஞ்சுடும், குத்து சுலபமா இறங்குது ஆனா வேரு மட்டும் இறங்கலைன்னா அப்ப ரசாயனம்தான். அப்புறம் அரபிகா காபில தண்டைச் சுத்தி மேடு மேடா வரி தெரிஞ்சு செடி மஞ்சளாச்சுன்னா உள்ள வெள்ளைத் தண்டுத் துளைப்பான் குடும்பம் நடத்துதுன்னு அர்த்தம், அதுக்கும் அலுமினியத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மாங்கனீசு நஞ்சும் இதே புளிச்ச மண்ணுலதான் வரும், ஆனா அது இலைல முதல்ல காட்டும், பழுப்புப் புள்ளி, சுருக்கம். அலுமினியம் வேர்ல முதல்ல காட்டும். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணேங்கறதால இதுல ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

வேரும் பொருந்துது, பிஎச்சும் 5க்குக் கீழன்னா, கீழ சுண்ணாம்பு கணக்குக்குப் போயிடுங்க.

அறிகுறி ரெண்டு: டிஏபி எவ்வளவு போட்டாலும் காணாமப் போயிடுது

இது எனக்கு சமையக்கட்டுத் தோட்டத்துலதான் முதல்ல தெரிஞ்சுது. சும்மா நாலு வரிசை மக்காச்சோளம் போட்டிருந்தேன், நாத்துப் பருவத்துலயே இலை ஓரமும் தண்டும் ஊதா ஏறிடுச்சு. பாஸ்பரஸ் பத்தலைன்னா சோளம் அப்படித்தான் ஊதாவாகும். ஆனா டிஏபி போட்ட மண்ணு அது. காபில இந்த நிறத்தை வெச்சு முடிவுக்கு வராதீங்க, சில அரபிகா ரகத்துக்குத் துளிரே வெங்கல நிறம்தான், பொறவி குணம், அதைப் பாத்துட்டு உரக்கடைக்கு ஓடினவங்களை எனக்குத் தெரியும். மலைக்குளிர்ல கூட இளம் பயிரு கொஞ்சம் ஊதா காட்டும், வெயில் வந்ததும் போயிடும்.

நடக்கறது என்னன்னா கரைஞ்ச அலுமினியமும் பாஸ்பேட்டும் ஒண்ணைப் பாத்தா ஒண்ணு விடாது, சேந்து கரையாத அலுமினியம் பாஸ்பேட்டா படிஞ்சுடும். மண்ணுல இருக்கற அலுமினிய, இரும்பு ஆக்சைடு துகளும் தன் மேல பாஸ்பேட்டை ஒட்ட வெச்சுக்கும். பாங்க்ல பணம் இருக்கு, ஆனா அக்கவுண்டை முடக்கி வெச்சிருக்காங்க, அந்த நிலைமை. மண் பரிசோதனைல மொத்த பாஸ்பரஸ் நிறைய இருக்கும், செடிக்குக் கிடைக்கறது மட்டும் குறைவா இருக்கும்.

இதுக்கு அளவைக் கூட்டறது பைத்தியக்காரத்தனம். பாஸ்பரஸ் உரத்தைத் தோட்டம் பூரா தூவாம ஒரே கோட்டுல, வேருக்குப் பக்கத்துல வெச்சு மூடுங்க, எவ்வளவு கம்மி மண்ணைத் தொடுதோ அவ்வளவு கம்மியா பிடிபடும். தொழு உரத்தோட கலந்து வெச்சா இன்னும் நல்லது, மக்குல இருந்து வர்ற கரிம அமிலங்க அலுமினியத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும், அப்படிப் பிடிபட்ட அலுமினியம் வேரையும் கடிக்காது பாஸ்பேட்டையும் பிடிக்காது. சில செடிங்க இந்த வித்தையை அதுவாவே பண்ணுது, கோதுமைல அலுமினியம் தாங்கற ரகங்க வேர் நுனில இருந்து மாலேட்டுங்கற அமிலத்தை விட்டு அலுமினியத்தை வெளியவே கட்டிப் போட்டுடும்.

ராக் பாஸ்பேட், அதாவது அரைச்ச பாஸ்பேட் பாறைத் தூள், புளிச்ச மண்ணுக்குத் தோதானது, அந்தப் புளிப்பே அதைக் கரைக்கும். ஆனா சுண்ணாம்பையும் ராக் பாஸ்பேட்டையும் ஒண்ணாப் போட்டுடாதீங்க, ஒண்ணு கரைய புளிப்பு வேணும்னு கேக்குது, இன்னொண்ணு புளிப்பை எடுக்க வந்திருக்குது, ராக் பாஸ்பேட் கரையாமக் கிடக்கும்.

அறிகுறி மூணு: அடி இலைல நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள்

மெக்னீசியம் பத்தலை. மண்ணு துகள் மேல கால்சியம், மெக்னீசியம், பொட்டாஷ் உக்காரற சீட்டுல மூணு சார்ஜோட அலுமினியம் வந்து உக்காந்துட்டா மத்ததெல்லாம் எந்திரிச்சு மழைத்தண்ணியோட ஓடைக்குப் போயிடும். அவசரத்துக்கு எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்பேட்) இலை வழியாக் கொடுக்கலாம், நிரந்தரத்துக்கு டோலமைட், அதுல கால்சியமும் மெக்னீசியமும் சேந்தே இருக்கு.

கவனம், மஞ்சள் நுனி இலைல இருந்தா, நரம்பு மட்டும் பச்சையா இருந்தா, அது இரும்பு பத்தாத கேஸு, அநேகமா சுண்ணாம்பு கூடிப்போன மண்ணுல வர்றது. சேலம் கீழ்நாட்டுல சுக்கான் கல்லு இருக்கற காட்டுல மரவள்ளி வெளுத்துப்போறது இதனாலதான். அதே மரவள்ளி புளிச்ச மண்ணையும் அலுமினியத்தையும் நல்லாவே தாங்கும், இது வேடிக்கை, ஒரே பயிரு கீழ சுண்ணாம்புல அழுவுது, புளிச்ச மண்ணுல சிரிக்குது. கீழ இருக்கற சொந்தக்காரரு சொன்ன வைத்தியத்தை மேல வந்து பண்ணாதீங்க, மேல நான் சொல்றதைக் கீழ பண்ணாதீங்க.

அறிகுறி நாலு: பத்து நாள் வெயிலுக்கே வாடுது, தோண்டினா கீழ ஈரம் இருக்கு

பிப்ரவரி, மார்ச்சுல காபியைப் பூக்க வைக்கற பூ மழைக்கு வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்போம்ல, அந்த நேரத்துல இது நல்லாத் தெரியும். பக்கத்துத் தோட்டத்துக் காபி தாக்குப் பிடிக்கும், உங்களது இலை தொங்கிடும். ஒரு அடிக்குக் கீழ மண்ணு ஈரமாத்தான் இருக்கு, வேரு மட்டும் அங்க போகலை.

மேல் மண்ணு பிஎச் 5.6, அடி மண்ணு 4.7ன்னு வந்தா இதுதான் காரணம். நீங்களோ முன்னாடி இருந்தவங்களோ வருஷக்கணக்கா மேல சுண்ணாம்பு தூவியிருப்பீங்க, மேல சரியாயிடுச்சு, அடி அப்படியே இருக்கு. சுண்ணாம்பு நகராது. மேல தூவினா வருஷத்துக்கு ஒரு சில சென்டிமீட்டர்தான் இறங்கும், காபிக்குள்ள ஆழமா உழவும் முடியாது, வேரு அறுந்துடும்.

இங்கதான் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், வேலைக்கு வருது. ஜிப்சம் சுண்ணாம்பை விட நல்லாக் கரையும், மழையோட அடிக்கு இறங்கும். அது பிஎச்சை ஏத்தாது, இதைப் பத்துப் பேருகிட்ட சொன்னா எட்டுப் பேரு நம்ப மாட்டேங்கறாங்க, அப்புறம் எதுக்குப் போடணும்னு கேக்கறாங்க. அதுல இருக்கற சல்பேட் அலுமினியத்தோட சேந்து அலுமினியம் சல்பேட் ஜோடியா மாறிடும், அந்த ஜோடி வேருக்குத் தனி அலுமினியம் அளவுக்கு விஷம் இல்லை, கூடவே கால்சியம் அடிக்குப் போயி வேர் நுனிக்குத் தைரியம் கொடுக்குது. பாதகமும் ஒண்ணு உண்டு, ஜிப்சம் அதிகமாப் போட்டா மெக்னீசியத்தையும் பொட்டாஷையும் கூட்டிட்டு கீழ போயிடும், மூணாவது அறிகுறி உங்களைத் தேடி வரும். அதனால மேலுக்கு டோலமைட், அடிக்கு ஜிப்சம்னு சேத்துப் போடறது என் பழக்கம்.

அறிகுறி அஞ்சு: பீன்ஸ் வேர்ல முடிச்சே இல்லை

நைட்ரஜன் பிடிக்கற பாக்டீரியாவுக்கும் புளிப்பு ஆகாது, அலுமினியம் ஆகாது, அதுக்கு வேணுங்கற மாலிப்டினமும் புளிச்ச மண்ணுல கிடைக்காது. விதைக்கு ரைசோபியம் (அந்த பாக்டீரியாதான்) தடவினா மட்டும் பத்தாது, முதல்ல மண்ணைச் சரி பண்ணுங்க.

அறிகுறி ஆறு: வீட்டு வாசல்ல ஹைட்ரேஞ்சா நீலமா பூக்குது

இது கோளாறே இல்லை, ஆனா ஓசில கிடைச்ச மீட்டர். ஏற்காட்டுல பழைய பங்களா வாசல்ல எல்லாம் கொத்துக்கொத்தா நிக்குமே அந்தப் பூ. கரைஞ்ச அலுமினியம் பூவுக்குள்ள போயி அங்க இருக்கற ஆந்தோசயனின் நிறமியோட சேந்தாத்தான் நீலம், சேரலைன்னா இளஞ்சிவப்பு. மேல நீலமா நின்ன செடில இருந்து ஒரு போத்து வெட்டி எங்க அம்மா அஸ்தம்பட்டில தொட்டில வெச்சாங்க, போர் தண்ணி ஊத்தி ஊத்தி அடுத்த பூ ரோஸ் கலரு. "கடைசில ஏமாத்திட்டியேடா, நீலம்னு சொல்லித்தானே கொண்டாந்தே"ன்னு என்னைத்தான் திட்டினாங்க. படிகாரத்தைக் கரைச்சு ஊத்தினா திரும்ப நீலம் வரும், படிகாரமே அலுமினியம் உப்புதானே, கலங்கல் தண்ணில போட்டுத் தெளிய வைக்கறோமே அதேதான். ஆனா மீட்டரா நம்பறதுக்கு ரெண்டு கண்டிஷன், வெள்ளை ரகமா இருக்கக்கூடாது, அது எந்த மண்ணுலயும் வெள்ளைதான், அப்புறம் பாஸ்பேட் உரம் நிறையப் போட்ட தொட்டியா இருக்கக்கூடாது, பாஸ்பேட் அலுமினியத்தைப் பிடிச்சுக்கும், புளிச்ச மண்ணா இருந்தாலும் ரோஸ்தான் பூக்கும். ரெண்டாவது அறிகுறி ஞாபகம் வருதா?

அறிகுறி ஏழு: சுண்ணாம்பு போட்டேன், ரெண்டு வருஷத்துல மறுபடி புளிச்சுப் போச்சு

உங்க உர மூட்டையைப் பாருங்க. அம்மோனியம் இருக்கற எந்த உரமும் மண்ணுல நைட்ரேட்டா மாறும்போது ஹைட்ரஜனை விடும். நூறு கிலோ அம்மோனியம் சல்பேட் கொடுக்கற புளிப்பை முறிக்க ஏறக்குறைய நூத்திப்பத்து கிலோ சுண்ணாம்புக்கல்லுத் தூள் வேணும், மூட்டையை விட மருந்து எடை கூட! யூரியாவுக்கு நூறு கிலோவுக்கு எண்பது சொச்சம். கால்சியம் நைட்ரேட் இந்த வேலை பண்ணாது, விலை மட்டும் கடிக்கும். அப்புறம் வருஷா வருஷம் காபிப் பழமா, மிளகா நீங்க மலையிறக்கிக் கொண்டு போறதுல கால்சியமும் மெக்னீசியமும் பொட்டாஷும்கூட இறங்குது, காபிப் பழத்தோலை மக்க வெச்சுத் திரும்ப போட்டா அதுல ஒரு பங்காவது வீடு திரும்பும்.

அம்மோனியம் சல்பேட்டை நான் நிறுத்திட்டேன், யூரியாவைப் பாதியாக்கிட்டேன். முழுசா நிறுத்தணும்னு சொல்ல மாட்டேன், காபிக்கு நைட்ரஜன் வேணும்.

சுண்ணாம்பு கணக்கு

அரசாங்க மண்வள அட்டைல பன்னண்டு விஷயம் வரும், பிஎச், உப்பு, கரிமம், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். அலுமினியம் அதுல கிடையாது. பரிசோதனைக் கூடத்துல தனியாக் கேக்கணும், "பொட்டாசியம் குளோரைடுல எடுத்த மாறும் அலுமினியம் வேணும்"னு, இல்லைன்னா பஃபர் முறைல (மண்ணோட ரிசர்வ் புளிப்பையும் சேத்து அளக்கறது) சுண்ணாம்புத் தேவை போட்டுக் கொடுங்கன்னு. மாறும் அலுமினியம்னா மண்ணு துகள்ல ஒட்டிக்கிட்டு இருக்கற அந்த ரிசர்வ், அதோட நம்பர் சென்டிமோல்ல இருக்கும், ஒரு கிலோ மண்ணுல எவ்வளவு சார்ஜ் அலுமினியம்ங்கற அளவு.

ஒரு சென்டிமோல் அலுமினியம்னா ஒரு ஏக்கருக்கு மேல அரை அடி மண்ணுக்குச் சுத்தமான சுண்ணாம்புக்கல்லுத் தூள் நானூறு கிலோ தேவைப்படும், இது காகிதக் கணக்கு. மக்குல ஒளிஞ்சிருக்கற புளிப்பும் கொஞ்சம் தின்னுடுங்கறதால ஒண்ணரை மடங்கு போடுவாங்க, அறுநூறு கிலோ. எனக்கு ரெண்டு வந்துச்சு, அப்ப ஏக்கருக்கு ஆயிரத்தி இருநூறு. ஒரே தடவைல கொட்டலை, பாதி முதல் வருஷம், பாதி அடுத்த வருஷம். காபிக்கு பிஎச் 6ல இருந்து 6.5 வரைக்கும்னு சொல்லுவாங்க, போகலாம், ஆனா அலுமினியத்தை அடக்க 5.5 தாண்டினாலே போதும், அங்க அது ஹைட்ராக்சைடா படிஞ்சு கல்லாயிடும். 7க்கு ஏத்தறேன்னு கிளம்பினா துத்தநாகம், போரான், இரும்பு எல்லாம் பூட்டிக்கும், ஒரு வியாதிக்கு மூணு வியாதி.

எந்தச் சுண்ணாம்பு? அரைச்ச சுண்ணாம்புக்கல்லை நூறுன்னு வெச்சா, நீத்த சுண்ணாம்பு நூத்திமுப்பத்தஞ்சு, சுட்ட சுண்ணாம்பு நூத்தியெழுபத்தொன்பது, அதாவது அதே வேலைக்குக் கம்மி எடை போதும். ஆனா சூடு. பூஞ்சை நோய்க்கு அடிக்கற போர்டோ கலவைக்கு வெச்சிருக்கற நீத்த சுண்ணாம்பு எல்லார் ஷெட்லயும் கிடக்கும், மிச்சம் இருக்கேன்னு இளஞ்செடி தூர்ல கொட்டிடாதீங்க, வேரு வெந்துடும். பொறுமையா வேலை செய்யற அரைச்ச கல்லு இல்லைன்னா டோலமைட்தான் நல்லது. மாவு மாதிரி இருக்கணும், ரவை மாதிரி இருந்தா வருஷக்கணக்குல மண்ணுல சும்மா உக்காந்திருக்கும்.

வாங்கினதும் ஒரு ஸ்பூன் எடுத்து எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க. சுண்ணாம்புக்கல்லுத் தூளுன்னா நுரைக்கும், டோலமைட் மெதுவா நுரைக்கும், கொஞ்சம் பொறுத்துப் பாக்கணும். ஒருதடவை சுண்ணாம்புன்னு சொல்லி ஒரு கடைல இருபது மூட்டை ஏத்திவிட்டாங்க, எனக்கு ஒரு பொட்டு நுரை வரலை, திருப்பிக் கொண்டுபோயிக் காட்டினா "ஜிப்சமா இருக்கும், எல்லாம் ஒண்ணுதாங்க"ன்னாரு. ஒண்ணு இல்லைங்க! நாலாவது அறிகுறியைப் படிச்சிருந்தா உங்களுக்கே தெரியும்.

இன்னொரு யோசனை நம்ம ஊருல அடிக்கடி வரும், மலையடிவாரத்துல மேக்னசைட் மலையா குவிஞ்சு கிடக்குதே, அது வெள்ளையாத்தானே இருக்கு, அதை அரைச்சுப் போட்டா என்னன்னு. மேக்னசைட்டும் கார்பனேட்தான், கணக்குப்படி புளிப்பை முறிக்கும், ஆனா மண்ணுல கரையறது ரொம்ப ரொம்ப மெதுவு, அதுல கால்சியமும் இல்லை, அலுமினியம் வேர் நுனில இருந்து துரத்தினதே கால்சியத்தைத்தான். வேண்டாம்.

போடற முறைல ஒண்ணே ஒண்ணு மட்டும் முக்கியம். சுண்ணாம்பையும் யூரியா, டிஏபியையும் ஒரே நேரத்துல போடக்கூடாது, அம்மோனியா மூக்கைத் துளைச்சுக்கிட்டு காத்துல போயிடும், பாஸ்பேட் கால்சியத்தோட இறுகிடும். மூணு நாலு வாரம் இடைவெளி விடுங்க. மண்ணுல ஈரம் இருக்கும்போது தூவி மேலாக்கக் கொத்திவிடுங்க. அடுத்த மாசமே பிஎச் பாத்துட்டு புலம்பாதீங்க, ஆறு மாசம் கழிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் வருஷா வருஷம் அதே மாசத்துல பாருங்க, மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் நம்பர் மாறும்.

புதுசா நடறவங்களுக்கு

உங்களுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கு, அடி மண்ணைக் கையால தொடலாம். ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடி ஆழக் குழின்னா தோராயமா நூறு கிலோ மண்ணு வெளிய வரும். மாறும் அலுமினியம் ஒரு சென்டிமோல்னா அந்த மண்ணுக்கு எழுபத்தஞ்சு கிராம் சுண்ணாம்புக்கல்லுத் தூள், ரெண்டுன்னா நூத்தியம்பது, அதுக்கு மேல கை தாராளம் காட்ட வேண்டாம். வெளிய எடுத்த மண்ணுல தூளையும் ஒரு கூடை மக்கின தொழு உரத்தையும் போட்டு நல்லாப் புரட்டிக் குழியை மூடி, ஒரு நல்ல மழை வாங்கற வரைக்கும் அப்படியே விட்டுடுங்க. அப்புறம் குழி நடுவுல கைவிட்டு ஒரு பிடி மண்ணு எடுத்து, டிஸ்டில்டு தண்ணில பிஎச் பாத்துட்டு, 5.5 தாண்டியிருந்தா நாத்தை வைங்க.